மாடியில் தண்ணீர் வைக்கும் அன்பர்களுக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், மாடம்பாக்கம், முடிச்சூர், பெருங்களத்தூர் முதலிய ஊர்களில், மொட்டை மாடியிலும் கைப்பிடிச் சுவரிலும் பறவைகளுக்காகத் தண்ணீரும் தானியமும் வைத்துவரும் அன்பர்களே!

கோடை பிறந்தவுடன் மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி மாடியில் வைப்பதும், வடித்த சோற்றில் முதற்பிடியைக் காக்கைக்கு ஒதுக்குவதும், கம்பும் நொய்யும் வாங்கிவந்து சிட்டுக்குருவிக்கென்று ஓரிடத்தில் தூவுவதும் உங்களுக்கு நித்திய கடமைகளாகிவிட்டன. ஆகையால், இப்பிரதேசத்துப் பறவைகளைப் பற்றி யாரிடமாவது முறையிட வேண்டுமானால் அது உங்களிடந்தான் என்று தீர்மானித்து இம்மடலை எழுதுகிறேன். உங்கள் கருணையை நம்பி நாள்தோறும் வந்திறங்கும் அந்த ஜீவன்களைக் கொசுவினால் பரவும் ஒரு வைரஸ் நோய் பற்றுகிறது. அந்தக் கொசுவை வளர்ப்பதில் நம் வீடுகளுக்கும் வீதிகளுக்கும், சில சமயம் நீங்கள் அன்போடு வைக்கும் அந்தத் தண்ணீர்ச் சட்டிக்குங்கூட, பங்கு உண்டு. இதை நீங்கள் அறிய வேண்டும், அறிந்தபின் சில காரியங்களைச் செய்ய வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

அந்த நோய்க்குப் பறவை அம்மை என்று பெயர். கோழி வளர்ப்பவர்களைக் கேட்டால், கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்கு விடும் கோழி அம்மையைப் பற்றி உடனே சொல்வார்கள். அதே வைரஸ் குடும்பத்தின் வெவ்வேறு வகைகள் புறாவையும், சிட்டுக்குருவியையும், மைனாவையும், காக்கையையும், மயிலையும் பற்றக்கூடியவை. உங்கள் மாடிக்கு வரும் மைனாவின் காலில் பரு பருவாகக் கட்டிகள் இருப்பதையோ, புறாவின் அலகடியிலும் இமையிலும் மருவைப் போன்ற தடிப்புகள் எழுந்திருப்பதையோ நீங்கள் கண்டிருக்கக்கூடும். கண்டும், ஏதோ அடிபட்டிருக்கிறது என்று எண்ணி அப்பால் சென்றிருக்கவும் கூடும். இறகு மூடாத இடங்களில்தான் இக்கட்டிகள் பெரும்பாலும் தோன்றும். நோயின் வேகம் குறைவாக இருந்தால் சில வாரங்களில் பொருக்கு உதிர்ந்து பறவை பிழைத்துக்கொள்ளும். ஆனால், கட்டி கண்ணை மறைத்துவிட்டால் அப்பறவை இரை தேட முடியாமல் பட்டினியால் மடியும், அல்லது பூனைக்கு எளிதில் இரையாகும்; வாய்க்குள்ளும் தொண்டையிலும் நோய் இறங்கிவிட்டாலோ, விழுங்கவும் சுவாசிக்கவும் இயலாமல் உயிர் விடும். காட்டுப் பறவைக்கு இந்நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை.

இங்கே இரண்டு விஷயங்களை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். பறவை அம்மை மனிதர்களைப் பற்றுவதாக அறியப்படவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு எவரும் பீதி கொள்ள வேண்டியதில்லை. மேலும், காலில் வீக்கமுள்ள பறவையெல்லாம் அம்மை கண்ட பறவையாகிவிடாது. நம் மாடிகளில் கிடக்கும் நூலும் தலைமயிரும் சுற்றிக்கொண்டு விரல் வீங்கி அழுகிப்போன புறாக்கள் நகரமெங்கும் உண்டு. ஒருவகைச் சிற்றுண்ணியும் காலில் செதிலைத் தடிக்கச் செய்யும். எது எந்நோய் என்று நிச்சயித்துச் சொல்வது ஆய்வுக்கூடத்தின் வேலை. நம்முடைய வேலை கவனித்துப் பார்ப்பதும், நோய் பரவும் வழியை அடைப்பதும்.

அந்த வழி எது என்பதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். அம்மை வைரஸ், காயமற்ற தோலைத் துளைத்துக்கொண்டு உட்புகும் சக்தி அற்றது. அதற்கு ஒரு சிறு வாசல் வேண்டும். கட்டியுள்ள பறவையின் மேல் அமர்ந்து இரத்தம் குடித்த கொசு, தன் ஊசிவாயில் ஒட்டிய கிருமியோடு அடுத்த பறவையின் இமையிலோ காலிலோ குத்தும்போது அந்த வாசல் திறந்துவிடுகிறது. இதுவன்றி, உதிர்ந்த பொருக்கில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும் தன்மையுடையது. பல பறவைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தின்னும் தட்டிலும், மூழ்கிக் குளிக்கும் சட்டியிலும், அலகிலும் காலிலும் ஏற்பட்ட சிறு கீறலின் வழியாக அது தொற்றிவிடும். ஆகவே, நாம் வைக்கும் சட்டி இருவகையில் நோய்க்குத் துணை போகக்கூடும்: வாரக்கணக்கில் மாற்றப்படாத தண்ணீரில் கொசு முட்டையிடுவது ஒன்று, கழுவப்படாத விளிம்பில் கிருமி காத்திருப்பது மற்றொன்று. தர்மமென்று வைத்த பாத்திரமே தீமைக்கு இருப்பிடமாவதை நம்மில் யாரும் விரும்ப மாட்டோம் என்பதால்தான் இதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

நம் சாக்கடைகளில் செழித்து வளர்ந்து, இரவில் காதோரம் வந்து ரீங்காரமிடும் கொசு, கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ் என்று விஞ்ஞானிகளால் வழங்கப்படுவது. யானைக்கால் நோயை நம் முன்னோர்களுக்குக் கொடுத்தது அதுவே. அது மனிதனை மட்டும் தேடி வருவதன்று. கூட்டில் அடையும் பறவையையும் அது விட்டுவைப்பதில்லை. கொசுக்கடியினால் நோய் பரவும் என்பதை உலகுக்கு நிரூபிக்க உதவியவையும் இந்நாட்டுச் சிட்டுக்குருவிகளே. சென்னை மாகாண மருத்துவப் பணியிலிருந்த ரொனால்டு ராஸ், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் தேதி செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியா கண்ட குருவியைக் கடித்த கொசுவை நல்ல குருவியின்மேல் விட்டு, அந்நோய் கொசுக்கடியினால்தான் பரவுகிறது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். 1902இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தக் குருவிகளின் துன்பமும் ஒரு காரணமாயிற்று. அந்த ஞானத்தின் பயன் அவற்றின் சந்ததிக்கு இன்றளவும் போய்ச் சேரவில்லை என்பது என் மனக்குறை.

அலட்சியத்தின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலிருக்கும் ஹவாய்த் தீவுகள் சாட்சி. அங்கே ஆதியில் கொசுவே கிடையாது. 1826ஆம் ஆண்டு மாவி தீவில் நங்கூரமிட்ட ஒரு கப்பலின் தண்ணீர்ப் பீப்பாய்களிலிருந்து கொட்டப்பட்ட அழுக்கு நீரோடு, நம் தெருச் சாக்கடையில் இருக்கும் அதே இனக் கொசு அங்கே குடியேறிற்று. பின்னர், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பறவைகளோடு வந்த அம்மையும் பறவை மலேரியாவும் அக்கொசுவின் மூலம் பரவி, உலகில் வேறெங்கும் இல்லாத தேன்குருவியினங்கள் பலவற்றை அழித்துவிட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை கொசு ஏற முடியாத குளிர்ந்த மலையுச்சிகளில், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்கு மேல், ஒதுங்கி வாழ்கின்றன. பூமியின் வெப்பம் ஏற ஏற, கொசு அங்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2023இல் அமெரிக்க அரசு, அழிந்துபோனவை என்று முடிவு செய்து பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கிய உயிரினங்களில் எட்டு, ஹவாயின் காட்டுப் பறவைகள். நம் மைனாவுக்கும் காக்கைக்கும் அந்தக் கதி நேர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொசுவோடு யுகயுகமாகப் பழகிவந்த நம் பறவைகளுக்கு அத்தீவுப் பறவைகளுக்கு இல்லாத எதிர்ப்புச் சக்தி உண்டு. ஆயினும், ஒரு பீப்பாய் அழுக்குத் தண்ணீர் என்ன செய்யவல்லது என்பதை அறிந்த பின்னரும், நம் வீட்டு வாசலில் தேங்கி நிற்கும் தண்ணீரை அற்பமென்று தள்ளுவது விவேகமாகாது.

இவ்வளவும் கேட்ட உங்கள் அண்டை வீட்டார், "அப்படியானால் பறவைக்குச் சோறு வைப்பதையே நிறுத்திவிடுங்கள், ஏரியோரத்து நாணலை வெட்டிக் கொக்குகளை விரட்டிவிடுங்கள்" என்று சொல்லக்கூடும். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கூட்டங்களில் இப்படிப்பட்ட பேச்சு எழுவது உங்களுக்குப் புதிதல்ல. அவர்களுக்கு நீங்கள் பொறுமையோடு விடை சொல்ல வேண்டும் என்பதற்காகச் சில விவரங்களைத் தருகிறேன். கொசு, பறவை, மனிதன் மூவரையும் இணைக்கும் வைரஸ் நோய்கள் இருப்பது மெய். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அறியப்பட்டது 1955ஆம் ஆண்டு, நம் வேலூர்ப் பக்கத்தில். அதன் கிருமி மடையான், கொக்கு முதலிய நீர்ப்பறவைகளிடத்திலும் பன்றிகளிடத்திலும் வாழ்ந்து, வயற்காட்டுக் கொசுவினால் குழந்தைகளுக்கு வந்து சேர்கிறது. வெஸ்ட் நைல் வைரஸ் 1999இல் நியூயார்க்கில் தோன்றியபோது காக்கைகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. கேரளத்தில் 2011இல் ஆலப்புழையிலும், 2019இல் ஒரு சிறுவன் உயிரிழந்த மலப்புரம் மாவட்டத்திலும் அந்நோய் மனிதர்களிடம் காணப்பட்டது.

ஆனால் இவ்விரண்டிலும் பறவையைத் தொட்டதனால் நோய் வந்தது என்று எவரும் சொல்லவில்லை. கொசு கடித்ததனால் வந்தது. பறவையை விரட்டினால் கொசு பட்டினி கிடக்கப் போவதில்லை. அதற்குப் பக்கத்து வீட்டுக் குழந்தை இருக்கிறது. கொசுவை ஒழித்தால் பறவையும் பிழைக்கும், குழந்தையும் பிழைக்கும். நியூயார்க்கில் காக்கைகளின் மரணம் அந்த வைரஸை இனங்காண உதவியது என்பதையும் நினைவுபடுத்துங்கள். ஏரியைக் குறை கூறுபவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: மீனும் தவளையும் தட்டாரப்பூச்சியின் குஞ்சுகளும் உயிரோடிருக்கும் ஏரியில் கொசுப்புழு பிழைப்பது கடினம்; கழிவுநீர் கலந்து, ஆகாயத்தாமரை மூடி, அந்த ஜீவராசிகளெல்லாம் மடிந்த ஏரியில்தான் அது பெருகுகிறது. 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளும், 1937இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது முதல் அதன் வளாகத்துக்குள் பேணப்பட்டுவரும் புதர்க்காடும், நன்மங்கலத்துக் காப்புக்காடும் இப்பிரதேசத்துப் பறவைகளுக்கு எஞ்சியிருக்கும் புகலிடங்கள். அவற்றின்மேல் பழியைப் போட்டுவிட்டு நம் காம்பவுண்டுச் சுவருக்குள் இருப்பதைப் பாராமல் இருப்பது நியாயமா?

அந்தச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கிறது. அதன் மூடி விரிசல் விட்டிருக்கிறது, காற்றுக் குழாயின் வாய் வலையின்றித் திறந்திருக்கிறது. மழைநீர் ஓடுவதற்கென்று கட்டப்பட்ட வடிகாலில் இரவோடிரவாகக் கழிவுநீர்க் குழாயைச் செருகிவிட்ட வீடுகள் எத்தனை என்பது அந்தந்தத் தெருவாருக்குத் தெரியும். 2003இல் தமிழகமெங்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டிகளில் பல, தூர் வாரப்படாமல் மண்ணடைத்து, மழைக்குப் பின் நாட்கணக்கில் தண்ணீரைத் தேக்கி வைத்துக்கொண்டிருக்கின்றன. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட பெருவெள்ளம் வராத வருஷங்களிலும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் காலிமனைகளில் தண்ணீர் வாரக்கணக்கில் நின்று பச்சை பூக்கிறது. ஒரு கியூலெக்ஸ் கொசு ஒரே தடவையில் நூறு முதல் முந்நூறு முட்டைகளைத் தெப்பம் போலச் சேர்த்து நீர்மேல் மிதக்கவிடும். நம் ஊர் வெப்பத்தில் அவை ஏழு முதல் பத்து நாட்களுக்குள் இறக்கை முளைத்துப் பறந்துவிடும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், வாரம் ஒருமுறை என்று நான் கீழே கேட்கப்போவதன் காரணம் உங்களுக்கு விளங்கும்.

புகை மருந்து அடிக்கும் வண்டி வந்தால் போதும் என்று திருப்தியடைபவர்களும் நம்மிடையே உண்டு. அந்தப் புகை, அந்நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் வீழ்த்தும்; சாக்கடையிலும் தொட்டியிலும் நெளியும் புழுவை அது தொடாது; நான்கைந்து நாட்களில் புதிய கொசுக்கள் எழுந்துவிடும். அதோடு, தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும், தானியம் தின்னும் சிட்டுக்குருவியுங்கூட, தங்கள் குஞ்சுகளுக்குப் பூச்சியையே ஊட்டி வளர்க்கின்றன. கண்மூடித்தனமாக அடிக்கும் புகை அந்த இரையையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. கொள்ளைநோய் பரவும் அவசர காலத்தில் புகைக்கு ஓர் இடமுண்டு. அன்றாடக் கடமைக்கு அது பதிலாகாது. 2021இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சியிடம் நாம் கேட்க வேண்டியது, வடகிழக்குப் பருவமழை வருமுன் வடிகால்களைத் தூர்வாருவதையும், தேங்கிய நீரில் கொசுப்புழுவைக் கொல்லும் மருந்தைத் தவறாமல் இடுவதையுமே. அதைக் கேட்கும் தகுதி, நம் வீட்டுக் கழிவுநீர் மழைநீர் வடிகாலில் சேரவில்லை என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிந்தால்தான் நமக்கு உண்டாகும்.

இனி, என் வேண்டுகோளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். தண்ணீர்ச் சட்டியை நாள்தோறும் கவிழ்த்துப் புதுநீர் ஊற்றுங்கள்; வாரம் ஒருமுறையாவது உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். வெளியூர் போவதானால் சட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போங்கள். தானியத்தை மூட்டை மூட்டையாகக் கொட்டி நூற்றுக்கணக்கான புறாக்களை ஒரே இடத்தில் கூட்டுவதைக் கைவிட்டு, பறவைகள் அன்றன்றே தின்று தீர்க்கும் அளவில், சற்று இடைவெளி விட்டு இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். கட்டியுள்ள பறவை ஒன்றைக் கண்டால், சில வாரங்களுக்குத் தானியத்தையும் தண்ணீரையும் அவ்விடத்தில் நிறுத்தி, தட்டையும் சட்டியையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் ஊறவைத்துக் கழுவி, நல்ல நீரில் அலசி உலர்த்துங்கள். அந்த நாட்களில் தண்ணீர் நிறுத்தியது பாவமென்று வருந்த வேண்டாம். கூட்டம் கலைவது அப்போதைக்கு அப்பறவைகளுக்கு நன்மை.

செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய்க்குக் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். இதைவிட மலிவான தர்மம் வேறொன்று இல்லை. மூடியின் இடுக்குகளைச் சிமெண்டால் அடையுங்கள். ஓவர்ஹெட் டேங்கையும் சம்ப்பையும் இறுக மூடுங்கள். பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டியின் அடித்தட்டு, ஏர்கூலர் ஆகியவற்றில் நீர் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், கோழி அம்மைக்குத் தடுப்பூசி உண்டு என்பதை அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். புறாவும் லவ்பேர்ட்ஸும் வளர்க்கும் இளைஞர்களிடம், கூண்டைச் சுற்றி இரவில் கொசுவலை கட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள். கூண்டுக்குள் இருக்கும் பறவையால் கொசுவுக்குத் தப்பி வேறிடம் போக முடியாது.

நோயுற்ற பறவையைப் பிடித்து வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்க முற்படாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவையைச் சிறைவைப்பதை அனுமதிப்பதில்லை. உங்கள் வீட்டு லவ்பேர்ட்ஸுக்கோ கோழிக்கோ நோய் தொற்றவும் அது ஏதுவாகும். வனத்துறைக்குத் தெரிவியுங்கள், 1903இல் தொடங்கப்பட்டு இன்றுவரை வேப்பேரியில் நடந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வல்லுநர்களிடம் ஆலோசனை கேளுங்கள். காக்கைகளோ வேறு பறவைகளோ ஒரே இடத்தில் பலவாக இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள்; அது கொசுவினால் பரவாத பறவைக் காய்ச்சலாகவும் இருக்கக்கூடும் என்பதால், கால்நடைத் துறைக்கும் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கும் உடனே சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று: நீங்கள் காண்பதை எழுதி வையுங்கள். எந்தத் தேதியில், எந்தத் தெருவில், எந்தப் பறவையின் எந்த அங்கத்தில் கட்டி இருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, முடிந்தால் செல்போனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு முதல் பட்டாணிக்குருவி இனத்துச் சிறு பறவைகளிடையே அம்மை பரவியபோது, அது எந்தெந்த ஊர்களுக்கு எவ்வாறு நகர்ந்தது என்பதை விஞ்ஞானிகள் அறிந்துகொண்டது, பெருமளவுக்குத் தங்கள் தோட்டத்தில் பறவைக்கு இரை வைத்த சாதாரண ஜனங்கள் அனுப்பிய செய்திகளினால்தான். ஒரே பறவைக் கூட்டத்தை ஆண்டு முழுவதும் தினமும் பார்க்கும் வாய்ப்பு எந்த ஆராய்ச்சியாளருக்கும் வாய்ப்பதில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது.

பறவைக்கு இரை வைப்பது புண்ணியம் என்று நம் பெரியோர் நமக்குக் கற்பித்தார்கள்; அவர்கள் காலத்தில் வாசலில் ஓடிய நீர் வாய்க்கால் நீராக இருந்தது, இன்று தேங்கி நிற்பது நம்முடைய கழிவுநீர். காலம் மாறிய பின் அந்தப் புண்ணியத்தின் இலக்கணமும் விரிவடைய வேண்டும். சோறு வைப்பதோடு நில்லாமல், வைத்த இடத்தைச் சுத்தமாகக் காப்பதும், கொசு பிறக்கும் இடத்தை அடைப்பதும் அதில் சேர்ந்தவை என்று நாம் ஏற்றுக்கொண்டால், நம் குழந்தைகளுக்கும் அதனால் நன்மை உண்டு. இவற்றில் எதற்கும் பெரும் பணமோ அரசாங்கத்தின் உத்தரவோ தேவையில்லை. அன்பர்களே, பருவமழை தொடங்குவதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமையே, உங்கள் வீட்டுச் சட்டியைக் கழுவி, குழாய்க்கு வலை கட்டி, அடுத்த வீட்டாரையும் அவ்வாறே செய்யும்படி அழையுங்கள் என்று உங்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.